வீட்டில் கார் சார்ஜிங்: பெட்டிக்கு முன் வயரைப் பாருங்கள்

வீட்டில் சார்ஜர் வைக்கப் போகிறேன் என்றாலே எத்தனை கிலோவாட் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்த்தது தினசரி ஓட்டத்தை. எங்கள் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். காரோடு வந்த கேபிளை 10 ஆம்பியரில் வைத்தால் 2.3 கிலோவாட். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 18 யூனிட், வீணாவது போக நூறு கிலோமீட்டர் ஓட்டலாம். எங்களுக்கு அதுவே தாராளம்.

கவலையெல்லாம் பிளக் பாயிண்ட் மேல்தான். அயர்ன் பாக்ஸ் சூடானதும் கட் ஆகிவிடும். கார் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தால் போதும், அந்த இடம் கொதிக்க ஆரம்பித்துவிடும். எலக்ட்ரீஷியன் எங்கள் பழைய சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். நியூட்ரல் முனையில் வயரின் மேலுறை பழுப்பேறி, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இத்தனைக்கும் அதில் ஓடியது வாட்டர் ஹீட்டர்தான்!

அதைப் பார்த்த பிறகு யோசிக்கவே இல்லை. மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரைத் தனியாக இழுத்தோம். அதற்கென்று தனி எம்சிபி (லோடு அதிகமானால் கட் செய்வது), தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கட் செய்வது). எர்த்தை மீட்டரில் அளந்து, சரி என்று தெரிந்த பிறகுதான் சாக்கெட்டையே மாட்டினார். நாளைக்கு 7.4 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வாங்கினாலும் இதே வயரில் மாட்டிக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுகிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பதில்:
எங்கள் வீட்டில் த்ரீ பேஸ். 22 கிலோவாட் வால்பாக்ஸ்தான் நல்லது என்று கடையில் விடாமல் சொன்னார்கள். காரின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் ஏசி மின்சாரத்தில் 11 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. வெளியே எவ்வளவு பெரிய பெட்டி வைத்தாலும் கார் தன் அளவுக்குத்தான் எடுக்கும். 11 கிலோவாட்டே வாங்கினேன். வீட்டில் மற்ற லோடு ஏறும்போது தானாகவே குறைத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஏசி, அடுப்பு, கார் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் மெயின் டிரிப் ஆவதில்லை.

பதில்:
ஆர்சிசிபி பற்றி ஒன்று சேர்க்கிறேன். பழைய போர்டுகளில் இருக்கும் ‘டைப் ஏசி’ ஆர்சிசிபி காருக்கு ஆகாது. காரிலிருந்து டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிவு வந்தால் அது உணராமலே போகலாம். வால்பாக்ஸுக்குள் 6 மில்லியாம்பியர் டிசி பாதுகாப்பு இருந்தால் டைப் ஏ போதும், இல்லையென்றால் டைப் பி போடச் சொல்லுங்கள். புதிதாக மாட்டியவர்கள், முதல் சில ராத்திரிகள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் சார்ஜை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.