டிரக் கேம்பர்ல சோலார் செட்டப்புக்கு இடமே இல்ல, நீங்கல்லாம் எங்க வெச்சீங்க?

மழைக்காட்டு_டிரக் (சியாட்டில் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் பழைய பாப்-அப் கேம்பர் (ரூஃபைத் தூக்கி விரிக்கற குட்டி வீடு) ஒண்ணு வாங்கினேன், என் எஃப்-150 பிக்கப் டிரக் பின்னாடி ஏத்திக்கிற டைப், டிரக் பெட் (பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி) 6.5 அடி. மத்ததெல்லாம் ஓகே, கரண்ட் விஷயம்தான் சொதப்பல், பழைய லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு இருந்துச்சு அதுவும் செத்துப்போச்சு.

என் பிளான் இதுதான்: 100 ஆம்ப் அவர் லித்தியம் ரெண்டு, ரூஃப்ல 200 வாட் பேனல், எம்பிபிடி (பேனல் கரண்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தற சார்ஜ் கன்ட்ரோலர்), 2000 வாட் இன்வர்ட்டர், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர். பேப்பர்ல ஜோரா இருக்கு, டேப் எடுத்துக்கிட்டு உள்ள போனா அழுகை வருது. ஒரு பெஞ்சுக்கு அடியில தண்ணி டேங்க், இன்னொண்ணுக்கு அடியில ஹீட்டரும், வெளி கரண்ட்ல இருந்து பேட்டரிய சார்ஜ் பண்ற பழைய கன்வர்ட்டரும். மிச்சம் இருக்கறது அந்தப் பழைய பேட்டரி பெட்டி, அதுல ஒரு பேட்டரிய வெச்சாலே நிறைஞ்சுடும்.

கேஸ் சிலிண்டர் வெக்கற அறையில கொஞ்சம் இடம் இருக்கு, இன்வர்ட்டர அங்க மாட்டிடலாமா? இல்லன்னா கேம்பர் அடிப்பக்கம் ஒடுங்கி இருக்குல்ல, வீல் வெல்லுக்கு முன்னாடி டிரக் பெட்ல ரெண்டு பக்கமும் ஒரு சந்து சும்மா கெடக்கு, அதுல பேட்டரிய பெட்டி கட்டி வெச்சா என்ன?

வீட்டம்மா கண்டிஷன் ரெண்டு. மிக்ஸி ஓடணும், காட்டுக்குப் போனாலும் தோசைக்கு சட்னி வேணும். துணி வெக்கற கப்போர்டுல கை வெக்கக் கூடாது.

பாலைவன_பயணி (பீனிக்ஸ்)

கேஸ் அறைய மொதல்ல மறந்துடுங்க நண்பா. ப்ரொபேன் காத்தை விட கனம், கசிஞ்சா கீழ போய் தேங்கும், அதனாலதான் அந்த அறைக்கு அடியில ஓட்டை விட்டு, உள்பக்கத்துல இருந்து சீல் பண்ணி வெச்சிருக்காங்க. அங்க போய் ரிலே டிக்கு டிக்குனு தட்டி தீப்பொறி விடற ஒரு சாமானை மாட்டறதும் அடுப்புக்குப் பக்கத்துல பெட்ரோல் கேன் வெக்கறதும் ஒண்ணுதான்.

உங்க ஃபிரிட்ஜ் என்ன, பழைய த்ரீ-வேயா (கேஸ், பேட்டரி, வீட்டு கரண்ட் மூணுலயும் ஓடறது)? ஆமான்னா உங்களுக்குப் பெரிய இடம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி பர்னர், சிம்னி, சூடு வெளிய போக வென்ட்னு ஒரு பெரிய பொந்து விட்டிருப்பாங்க. நான் அதைத் தூக்கிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் போட்டேன், நெருப்பே இல்லைங்கறதால பின்னாடி இருந்த பொந்துல பாதிக்கு மேல சும்மா ஆயிடுச்சு. பக்கச் சுவர்ல ஒரு பிளைவுட் அடிச்சு எம்பிபிடி, டிசி-டிசி, ஃப்யூஸ் பாக்ஸ் மூணையும் நிக்க வெச்சு மாட்டிட்டேன், வெளி வென்ட் மூடியக் கழட்டினா கை நேரா அங்க போகுது. கம்ப்ரஸருக்கும் காத்து வேணும், அதனால மொத்தத்தையும் அடைச்சுடாதீங்க. எம்பிபிடிக்கு மேலயும் கீழயும் 10 செமீ காலியா விடணும், டிசி-டிசி நல்லா சூடாகும், அதையும் இதையும் ஒட்டி வெக்காதீங்க. மழைத் தண்ணி வென்ட் வழியா தெறிக்காதானும் ஒரு தடவை ஹோஸ் அடிச்சுப் பாத்துக்கங்க, எங்க ஊர்ல எனக்கு அந்தக் கவலை இல்ல, உங்க ஊர்ல உண்டு.

அப்புறம் 2000 வாட் எதுக்கு? மிக்ஸி 550 வாட். அந்தப் பெரிய பெட்டிக்கு இடம் தேடறதுக்குப் பதிலா 1000 வாட் ப்யூர் சைன் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா குடுக்கற) இன்வர்ட்டர் போடுங்க, எங்க வீட்டு மிக்ஸி அதுலதான் ஓடுது, தேங்காயத் துருவிட்டுப் போடணும் அவ்ளோதான். கெட்டில்ல தண்ணி சுட வெக்கணும்னா மட்டும் அது பத்தாது, அதுக்குத்தான் கேஸ் அடுப்பு இருக்கே.

வளையற பேனல் வாங்காதீங்க, எனக்கு ரெண்டே வெயில் காலத்துல பொரிஞ்சு போச்சு.

கால்கரி_குளிர்

அந்த டிரக் பெட் சந்து பத்தி, நானும் அதே தப்பைப் பண்ணினவன்தான் ப்ரோ. இடம் அருமையான இடம்தான், ஆனா அங்க வெச்சா கேம்பருக்கு வெளிய வெச்ச மாதிரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு (கேம்பர்ல வழக்கமா போடற லித்தியம் பேட்டரி வகை) 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது, கரண்ட் எடுக்கலாம், ஏத்த முடியாது, பேட்டரிக்குள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் பிஎம்எஸ் கட் பண்ணிடும். காலையில பளிச்சுனு வெயில் அடிக்குது, பேனல் வேலை செய்யுது, பேட்டரி மட்டும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும். ஹீட்டர் வெச்ச பேட்டரி கெடைக்குது, ஆனா அதைவிட கேம்பருக்குள்ளயே வெச்சா ஃபர்னஸ் சூடு சும்மாவே கெடைக்குமே. இன்னொண்ணு, ஒரு ஃப்யூஸ் போனாலும் நாலு மூலையும் ஜாக் போட்டு கேம்பரையே இறக்கணும். மைனஸ் 12ல நான் ஒரு தடவை இறக்கினேன், போதும்டா சாமி.

மேல் படுக்கைக்கு ஏற ஒரு படி இருக்குமே, உங்க கேம்பர்ல இருக்கா? நான் அதை ஒரு பெட்டியா மாத்தி பேட்டரிய உள்ள வெச்சுட்டேன், கிட்டத்தட்ட 33க்கு 17க்கு 21 செமீதான். எடை முன்னாடி இருக்கறதும் நல்லது, கேம்பரோட சென்டர் ஆஃப் கிராவிட்டி பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி விழணும், பின்பக்கம் எடை ஏத்த ஏத்த ஸ்டியரிங் லேசாகிடும். எஃப்-150ன்னா டிரைவர் கதவுல இருக்கற மஞ்சள் ஸ்டிக்கர்ல பேலோடு (வண்டி எவ்ளோ எடை தாங்கும்னு) பாருங்க, ஆளுங்க, தண்ணி எல்லாம் கூட்டினா என்ன மிஞ்சுதுன்னு பாத்துட்டு ரெண்டாவது பேட்டரி வாங்குங்க.

ஈபி_தாத்தா (டல்லாஸ், பையன் வீட்ல)

தம்பி, நான் மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவன், கேம்பர் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா இத்தனை பேர் எழுதினதுல வயர் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல. 12 வோல்ட்ல 1000 வாட் எடுத்தா 90, 100 ஆம்பியர் ஓடும், 2000ன்னா அதுல ரெண்டு மடங்கு. வீட்டு வயர் கணக்குல நினைக்காதீங்க. அதனால இன்வர்ட்டர ஃபிரிட்ஜ் பக்கம் பேட்டரிய படிக்கட்டுப் பக்கம்னு ஆளுக்கொரு மூலையில வெக்கக் கூடாது, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, வயர் 3 அடிக்குள்ள. எம்பிபிடி தள்ளி இருந்தா பரவால்ல, அதுல 15 ஆம்பியர்தான் போகுது.

பேட்டரி ப்ளஸ்ல இருந்து கிளம்பின உடனே ஃப்யூஸ், லித்தியத்துக்கு ஏத்த கிளாஸ் டி (Class T) போடுங்க, ஷார்ட் ஆனா அதுல வர்ற கரண்ட் சாதாரணமானது இல்ல. வீட்டு கரண்ட்டுக்கான ஏசி (மாறுதிசை மின்சாரம்) பிரேக்கர் சும்மா கெடக்குதேன்னு மாட்டாதீங்க. ஏசில கரண்ட் செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல ஜீரோவத் தொடும், ஆர்க் (தீப்பொறி) தானா அணையும். பேட்டரில இருந்து வர்ற டிசில அணையாது, நின்னு எரியும். டிசி ரேட்டிங் பாத்து வாங்குங்க.

மழைக்காட்டு_டிரக்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து அமேசான் அட்டைப் பெட்டிய வெட்டி ஒவ்வொரு சாமான் சைஸுக்கும் டம்மி செஞ்சு உள்ள வெச்சுப் பாத்தேன், பையன் அதுல டைனோசர் வரைஞ்சுட்டான். ஃபிரிட்ஜ் த்ரீ-வேதான், இப்போதைக்கு மாத்த காசு இல்ல, அடுத்த வருஷம். அதுவரைக்கும் கேஸ்லயே ஓடட்டும், அதனால ஒரு பேட்டரியே போதும்னு கணக்கு வருது. படிக்கட்டுல பேட்டரி கச்சிதமா உக்காருது, அதுக்குப் பக்கத்துல செருப்பு வெக்கற பொந்துல 1000 வாட் இன்வர்ட்டர். பழைய கன்வர்ட்டரக் கழட்டினதுல எம்பிபிடிக்கு இடம் கெடைச்சுடுச்சு, அது எப்படியும் லெட் ஆசிட்டுக்குன்னு செட் பண்ணினதுதானே. ரூஃப்ல 100 வாட் ஒண்ணுதான், கையால தூக்கற ரூஃப், கனம் ஏத்த பயமா இருக்கு. இன்னொரு 100 வாட் கையில எடுத்துட்டுப் போற மாதிரி, இங்க எங்க நிறுத்தினாலும் மர நிழல்தான், நீள கேபிள் போட்டு வெயில் பக்கம் இழுத்துக்கலாம்.

தாத்தா, ஒரு டவுட். தடி கேபிளுக்கு லக் (முனையில மாட்டற உலோக வளையம்) க்ரிம்ப் பண்ண, அதாவது அழுத்தி இறுக்க, சுத்தியல்ல அடிக்கிற டைப் போதுமா, இல்ல ஹைட்ராலிக் வாங்கணுமா?

ஈபி_தாத்தா

ஹைட்ராலிக். சுத்தியல சட்னிக்குத் தேங்கா உடைக்க வெச்சுக்கங்க.