ரீசனபிள் அகாமடேஷன்: ‘நியாயமான தகவமைப்பு’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வரும் ‘ரீசனபிள் அகாமடேஷன்’ (reasonable accommodation), அதாவது ஒருவரின் தேவைக்கு ஏற்ப மற்றவர்கள் செய்துதர வேண்டிய மாற்றம், என்ற தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ‘நியாயமான தகவமைப்பு’ என்றே முடிவாகிவிடும் போலத் தெரிவதால் இப்போது எழுதுகிறேன். நான் 19 வருடமாக ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். தகவமைப்பு என்றதும் எனக்கு ஒட்டகம்தான் கண்முன் வரும், பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பாலைவனம் மாறாது, ஒட்டகத்தின் உடம்புதான் அதற்கு ஏற்றபடி இருக்கும். சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை அமைத்துக்கொள்வது தகவமைப்பு என்று நாமே மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அதே சொல்லை இங்கே கொண்டுவந்தால் என்ன பொருள் வரும்? பள்ளி இருந்தபடியே இருக்கும், பிள்ளைதான் பழகிக்கொள்ள வேண்டும் என்று வரும். சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். இந்த ஆங்கிலத் தொடர் அமெரிக்கச் சட்டத்தில் 1972இல் வந்தபோதுகூட, ஊழியரின் வழிபாட்டு நாளுக்காக முதலாளி வேலை நேரத்தை மாற்றித் தருவது போன்றவற்றைத்தான் குறித்தது. மாற வேண்டியவர் அங்கேயும் முதலாளிதான்.

நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டடமும் வளாகமும் தடையில்லாமல் வந்துபோகும்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி; அடுத்த வரியிலேயே, அவரவர் தேவைக்கு ஏற்ப ரீசனபிள் அகாமடேஷன் தர வேண்டும் என்று தனியாக இருக்கிறது. சாய்தளம் பொதுவானது. ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் என்ற கணக்கில், சக்கர நாற்காலியில் யாரும் சேராத வருடத்திலும் அது இருந்தாக வேண்டும். இரண்டாவது அப்படியில்லை, இந்தப் பிள்ளை வந்த பிறகு இந்தப் பிள்ளைக்காகவே செய்வது. முந்தைய மடல்களில் வந்த அணுகல், அணுக்கம் எல்லாம் முதலாவதற்குச் சரி. இரண்டாவதற்கு வேறு சொல்தான் வேண்டும்.

போன வருடம் ஆறாம் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த ஒரு பெண் சேர்ந்தாள். முதல் பெஞ்சில் உட்காரவைத்தோம், பிரயோஜனமில்லை. காலை முதல் இரண்டு பீரியடும் ஜன்னல் வெயில் கரும்பலகையில் பட்டுப் பளபளக்கும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பலகையே அவளுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கிறது. ஜூலை மாதம் அவளே சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பெஞ்சை அறையின் மறுபக்கம் போட்டோம். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதப் பழகினேன். வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்தோம். இதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

சுற்றறிக்கைகளில் இதெல்லாம் ‘சலுகை’. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாமே சலுகைதான். அந்தப் பெரிய வினாத்தாளைப் பார்த்து, ‘இவளுக்கு மட்டும் ஏன் மிஸ் சலுகை?’ என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கேட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நாம் கொடுத்த சொல்லை வைத்துக் கேட்டாள். சலுகை என்றால் கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். இதை அப்படி நிறுத்த முடியாது, மறுத்தாலே பாகுபாடு என்று அதே சட்டத்தின் வரையறையில் இருக்கிறது.

‘நியாயமான இடவசதி’ என்று ஒரு பயிற்சிக் கையேட்டில் அச்சடித்தே கொடுத்தார்கள். விடுதி கட்டச் சொல்கிறார்களா என்று எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

இதற்கு ‘ஒப்புரவு’ (பிறருக்கு உதவி வாழ்வது) என்ற சொல்லை முன்வைத்த ஐயாவுக்கு: அழகான சொல், குறள் அதைக் கடப்பாடு என்றே சொல்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதே குறள் கைம்மாறு வேண்டாத மழையோடு அதை ஒப்பிடுகிறது. கொடுப்பவரின் பெருமைதான் முன்னால் நிற்கிறது, பெறுபவரின் உரிமை தெரியவில்லை. கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒப்புரவு என்றால் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம்தான் நினைவுக்கு வரும் என்பதும் இருக்கிறது.

என் முன்மொழிவு ‘தக்க ஏற்பாடு’. நியாயமான என்றால் விலை பேசுவது போல இருக்கிறது. தக்க என்பது இரண்டு பக்கமும் பார்க்கும்: பிள்ளைக்குத் தக்கது, பள்ளியால் தாங்கக்கூடியது. அளவுக்கு மீறிய சுமை கூடாது என்று சட்டத்தில் இருப்பதும் அதில் அடங்கிவிடும். அப்புறம், ஏற்பாடு என்றாலே அதைச் செய்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ரொம்பச் சாதாரணச் சொல்லாக இருக்கிறதே என்று அம்மா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். எனக்கு அதுதான் வேண்டும். ‘என் பொண்ணுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க சார்?’ என்று ஒரு தாய் தலைமையாசிரியர் அறையில் நின்று தயங்காமல் கேட்கலாம். ‘தகவமைப்பு’ என்று எந்தத் தாய் கேட்பார்?

சட்ட வாசகத்துக்குத் ‘தக்க ஏற்பாடு மறுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சொல்லாக வேண்டும் என்பதற்காகத் ‘தக்கேற்பாடு’ என்று ஒட்டிவிட வேண்டாம், பேச்சில் நிற்காது. வேறு சொல் முன்வைப்பவர்கள் அந்தத் தாயின் கேள்வியில் அதைப் பொருத்திச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் குழுமத்தின் சொற்பட்டியலைப் பூட்டுவதற்குள் தகவமைப்பை உயிரியலுக்கு மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.