நமக்கும் கடல் இருக்கிறதே, ஒயின் திராட்சை ஏன் இல்லை?

ராயபுரத்துப் பேத்தி:
எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பன்னீர் திராட்சையைச் சர்க்கரை, பட்டை, கிராம்போடு பீங்கான் ஜாடியில் ஊறப்போட்டு, துணியால் வாய் கட்டி வைப்பார். அந்த ஜாடி இந்த வருஷம் என் கைக்கு வந்திருக்கிறது. மாடியில் ஒரு கொடியும் வைத்தேன், மூன்று வருஷமாக வெறும் இலைதான். கேட்டரிங் படிக்கிறேன். பாடத்தில் ஒயின் என்றாலே கலிபோர்னியா, சிலி என்று கடலோர ஊர்களாக வருகின்றன. நமக்கும் வாசலிலேயே கடல், மதியமானால் காற்று. அப்புறம் என்ன வித்தியாசம்?

காசிமேடு இன்ஜின் ரூம்:
கேளும்மா. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்த்தவன் நான். இன்ஜினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரைத்தான் இழுப்போம். அதன் சூட்டை ஒவ்வொரு வாட்ச்சிலும், அதாவது டியூட்டி முறையிலும், லாக் புக்கில் எழுத வேண்டும். சென்னையில் 29, 30 டிகிரி காட்டும். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் போனால் அதே முள் 13-இல் நிற்கும். உன் கேள்விக்குப் பதில் அந்த முள்ளில் இருக்கிறது.

அங்கே கோடையில் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரை நடுக்கடலுக்கு ஒதுக்கிவிடும், அடியிலிருந்து சில்லென்ற தண்ணீர் ஏறி வரும். ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் மூடுபனி. ஜூலை மாதத்தில் ஸ்வெட்டரோடு டெக்கில் நின்றிருக்கிறேன், கோல்டன் கேட் பாலத்தின் தூண் உச்சி மட்டும் தெரியும்.

கரையை ஒட்டி மலை மறிப்பதால் அந்தப் பனி சந்து கிடைத்த இடத்தில்தான் உள்ளே போகும். வளைகுடா வழியாக நுழைந்து, ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்கின் தெற்கு முனையான கார்னெரோஸைக் குளிரவைக்கும். அங்கே குளிர் கேட்கிற பினோ நுவார், ஷார்டனே என்ற ஒயின் திராட்சை ரகங்கள். வடக்குக் கோடி கலிஸ்டோகாவில் வெயில் கொளுத்தும், கேபர்னே சாவிஞோன் என்ற ரகம் நன்றாகப் பழுக்கும். நடுவில் எண்ணூரிலிருந்து வண்டலூர் போகிற தூரம்தான்!

பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும். நம் கடற்காற்று மதியச் சூட்டைத் தணிக்கும், சரி. ஆனால் 30 டிகிரித் தண்ணீரைத் தாண்டி வருகிற காற்று ராத்திரியில் எதைக் குளிரவைக்கும்? மே மாதம் இங்கே விடியற்காலையிலேயே சட்டை நனைகிறது. சிலியில் வால்பரைசோவுக்கு உள்ளே இருக்கும் ஒயின் பள்ளத்தாக்கான காசாபிளாங்காவைக் காப்பாற்றுவதும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம்தான்.

கம்பத்துக்காரி:
நான் கம்பத்தில் பிறந்து வியாசர்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் சொன்னதோடு மழையையும் சேர்த்துக்கொள் தங்கச்சி. கலிபோர்னியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில், கொடி இலை உதிர்த்துத் தூங்கும்போது. பழம் பழுக்கையில் வானம் காய்ந்து கிடக்கும். நம் பக்கம் கொடிக்குத் தூக்கமே இல்லை, கவாத்து செய்துதான், அதாவது கிளையை வெட்டிவிட்டுத்தான், பூக்கவைக்க வேண்டும். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-இல் எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உன் கொடியை எப்போது வெட்டினாய்?

ராயபுரத்துப் பேத்தி:
வெட்டவே இல்லை அக்கா. பாவமாக இருந்தது.

கம்பத்துக்காரி:
அதுதான் விஷயம். மழை விட்டதும் தையில் வெட்டு, சித்திரையில் பழம் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பழம் நிற்கிற மாதிரி மட்டும் வெட்டிவிடாதே. அடிச்சாம்பல் நோய் வந்துவிடும், பழமும் வெடிக்கும்.

காசிமேடு இன்ஜின் ரூம்:
இந்த வருஷம் ஜாடிக்குக் கம்பத்துப் பழமே போடும்மா. பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர், வாசனைக்குப் பேர்போனது. கொடி கடல் பார்த்த பக்கம் இருந்தால் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே தள்ளி வை. உப்புக்காற்று நேராகப் பட்டால் இலை ஓரம் கருகிவிடும்.