துப்பாக்கியைப் பூட்டி வைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். தாளவாடிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, 12 போர் (குழல் அளவு). காட்டுப்பன்றிக்குப் பயந்து வாங்கியது. உரிமம் இப்போது அண்ணன் பெயரில்.

போன ஞாயிறு என் ஆறு வயது மகன் பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்து, என் அம்மாவிடம் "அம்முச்சி, இது நிஜத் துப்பாக்கியா?" என்று கேட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, உள்ளே தோட்டா இல்லை. ஆனால் தோட்டாக்கள் இருந்ததும் அதே பீரோவில்தான், சேலை மடிப்புக்குள் பிஸ்கட் டப்பாவில். சாவி எப்போதும் பூட்டிலேயே தொங்கும்!

"நாப்பது வருசமா அங்கதான் இருக்குது, நீங்கெல்லாம் வளரலையா?" என்கிறார் அம்மா. அப்பாவின் ஒரு முறைப்புக்குப் பயந்து வளர்ந்தோம், அவ்வளவுதான்.

தோட்டாவைத் தனியே வேறு பூட்டில் வைக்கச் சொல்லிவிட்டேன். துப்பாக்கிக்குச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கும் இரும்புப் பெட்டி வேண்டும், நீளம் நாலடிக்கு மேல். கோவை, ஈரோடு பக்கம் செய்து தருபவர்கள் இருக்கிறார்களா? விசையை இழுக்க முடியாதபடி மாட்டும் விசைப் பூட்டு (trigger lock) பழைய துப்பாக்கிக்குப் பொருந்துமா? அப்புறம், தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது போல, பிள்ளைகள் வரும் கோடை விடுமுறைக்கு மட்டும் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் விட்டுவைக்க முடியுமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் விவரம் சொல்லுங்கள்.