அந்த 8 மில்லிமீட்டர்: முன் ஃபோர்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

வளைவுப்பித்தன்
பக்கத்து இழையில் பழையபட்டறை அவர்கள், ‘முன்பக்கம் அமுங்கினால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு) இறுக்குங்கள், கெட்டியான எண்ணெயை ஊற்றுங்கள், கார்ட்ரிட்ஜ் (ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) மாற்றுவது வெறும் பகட்டு’ என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு நாளாக அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ப்ரீலோடை இறுக்கினால் வண்டி நிற்கும் உயரம் மாறுமே தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பு இம்மியும் கூடாது. எண்ணெயின் தடையோ ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) நகரும்போது மட்டும்தான் உண்டு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு கெட்டியான எண்ணெயாக இருந்தாலும் ஃபோர்க் கடைசியில் ஸ்பிரிங் தாங்குகிற இடத்தில்தான் போய் நிற்கும்.

என் வண்டி 600 சிசி, தலைகீழ் ஃபோர்க் (வெளிக்குழாய் மேலே, உள்குழாய் கீழே), மொத்த ஓட்டம், அதாவது அமுங்கக்கூடிய தூரம், 120 மில்லிமீட்டர். கவச உடையோடு என் எடை 92 கிலோ. ப்ரீலோடை முழுவதும் இறுக்கிய பின்பும், நான் ஏறி அமர்ந்தால் சாக் (எடையால் ஃபோர்க் அமுங்கும் அளவு) 46 மில்லிமீட்டர் வருகிறது. சாலைக்கு 30 முதல் 40 வரை இருக்கலாம் என்பது எல்லோரும் அறிந்ததே. உள்குழாயில் ஒரு கேபிள் டை கட்டி (ஃபோர்க் அமுங்கும்போது வெளிக்குழாயின் முனையிலுள்ள சீல் அதைக் கீழே தள்ளும்), பந்தயத் தடத்தில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். அடியில் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் பிடிக்கு மேலே 8 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கார்ட்ரிட்ஜையும் மாற்றலாம் என்றிருக்கிறேன். இதில் பகட்டு எங்கே இருக்கிறது?

பழையபட்டறை
8 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கிறது என்றால் அடிதட்டவில்லை, ஓட்டம் முழுதும் தீர்ந்து முட்டவில்லை என்று பொருள். 120 மில்லிமீட்டர் ஓட்டத்தைக் கொடுத்திருப்பது பயன்படுத்துவதற்காகத்தானே ஒழிய, பெட்டியில் பூட்டி வைப்பதற்காக அன்று. தடத்தில் முழுமூச்சாகப் பிரேக் பிடித்தும் 112-இல் நிற்கிற ஃபோர்க்கைக் குறை சொல்வது, பசி தீரும் அளவுக்குச் சோறு போட்டவளிடம் சண்டைக்குப் போவதைப் போன்றது. மேலும், முன்பக்கம் சற்று அமுங்கினால்தான் ரேக்கும் (ஃபோர்க்கின் சாய்வு) டிரெயிலும் (திசைதிருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைந்து வண்டி வளைவுக்குள் எளிதாகத் திரும்பும். அமுங்கவே கூடாது என்பவர்கள் ஃபோர்க்குக்குப் பதிலாக இரும்புக் கம்பியைப் பொருத்திக்கொள்ளலாம்.

சீல்கசிவு
அந்த 8 மில்லிமீட்டரை எங்கிருந்து அளந்தார் என்று கேட்காமலேயே ஐயா வாதத்தை முடித்துவிட்டார். பல ஃபோர்க்குகளில் டஸ்ட் சீல் (தூசி தடுக்கும் வளையம்) ஆக்சில் பிடியைத் தொடும்வரை உள்ளே போவதில்லை. அதற்குச் சில மில்லிமீட்டர் முன்னதாகவே உள்ளே முட்டி நின்றுவிடும். உண்மையான அடி எது என்று தெரிய வேண்டுமானால், ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, ஃபோர்க்கைக் கையால் முழுவதும் அமுக்கி, சீலுக்கும் பிடிக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அதுவும் 8 என்று வந்தால், வளைவுப்பித்தன் ஏற்கெனவே அடிதட்டிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார்.

பழையபட்டறை
8 என்றால் 8. கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியை இல்லையென்று நிறுவ இத்தனை வரிகளா? அடிதட்டினால் கைப்பிடியில் ‘டக்’கென்று இடிக்கும். இடித்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. கேபிள் டையைத் தளர்வாகக் கட்டியிருந்தால், குழியில் சக்கரம் அதிரும்போது அது தானாகவே நழுவி இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மிச்சம் 8-க்கும் அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

வளைவுப்பித்தன்
டையை இறுக்கமாகத்தான் கட்டினேன். கையால் தள்ளினால்தான் நகரும்.

பின்னிருக்கை
முன் டயரில் காற்று எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

எண்ணெய்க்கோப்பை
ஒரு செய்தி இங்கே விடுபட்டுப் போகிறது. ஃபோர்க்கின் உள்ளே எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் மட்டத்தை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் காற்றுக்குரிய இடம் குறையும். ஓட்டத்தின் தொடக்கத்தில் வேறுபாடு தெரியாது, கடைசிப் பகுதியில் மட்டும் நன்றாகத் தாங்கும். செலவே இல்லாமல் செய்து பார்க்கக்கூடியது இது. எண்ணெயைக் கெட்டியாக்குவது வேறு, மட்டத்தை உயர்த்துவது வேறு. ஐயா இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார். எண்ணெய் டப்பாவில் போட்டிருக்கும் 10டபிள்யூ என்ற எண்ணை நம்பிக் கெட்டித்தன்மையைக் கணக்கிடுவதும் தவறு. ஃபோர்க் எண்ணெயில் அந்த எண்ணுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒருவருடைய 10டபிள்யூ இன்னொருவருடைய 7.5-ஐப் போல ஓடும். 40 பாகை வெப்பத்தில் எத்தனை செண்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பழையபட்டறை
நான் எதையும் குழப்பவில்லை. தாங்கள் ஸ்டியரிங் டாம்பரை (கைப்பிடியின் உதறலை அடக்கும் கருவி) தலைகீழாகப் பூட்டிவிட்டு இதே தளத்தில் உதவி கேட்ட நாளில், செண்டிஸ்டோக்ஸ் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. எண்ணெய் மட்டத்தைப் பற்றி எனக்குப் பாடம் தேவையில்லை. ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, காற்றுக்குமிழி வெளியேறும்வரை மெல்ல ஏற்றி இறக்கி, பிறகு மேல்விளிம்பிலிருந்து அளவுகோலை விட்டு மட்டம் பார்த்தே என் விரல்கள் வழுக்கிப் போயிருக்கின்றன. வளைவுப்பித்தன் எண்ணெய் மாற்றி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று ஒருவராவது கேட்டீர்களா? கறுத்து நீர்த்துப்போன எண்ணெயோடு ஓட்டிவிட்டுப் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால், பாதிப் பலன் புது எண்ணெயால் வந்ததாகவே இருக்கும். பெயர் மட்டும் கார்ட்ரிட்ஜுக்குப் போகும்.

வளைவுப்பித்தன்
எண்ணெய் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் 46 மில்லிமீட்டர் சாக்கை எண்ணெய் குறைக்காது. ஸ்பிரிங் என் எடைக்குப் போதவில்லை என்பதற்கு அந்த ஓர் எண்ணே போதும். அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை.

பழையபட்டறை
சாக் கிடக்கட்டும். 8 மில்லிமீட்டருக்கு முதலில் விடை சொல்லுங்கள்.

தங்கக்குழாய்
இவ்வளவு அல்லாடுவானேன்? நான் பொன்னிறக் குழாயோடு கூடிய முழு ஃபோர்க்கையே மாற்றிவிட்டேன். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சினால் வருவது, உராய்வைக் குறைக்கும். முதல் வளைவிலேயே வேறுபாடு தெரிந்தது.

சீல்கசிவு
தெரியத்தான் செய்யும், கண்ணாடியில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். உங்கள் எடைக்கு எந்த ஸ்பிரிங் போட்டீர்கள் என்று முன்பு இரண்டு முறை கேட்டேன், இன்றுவரை விடை வரவில்லை.

தங்கக்குழாய்
பெட்டியில் வந்த ஸ்பிரிங்தான். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ?

சீல்கசிவு
அவர்கள் உங்களை எடைபோட்டுப் பார்த்து அனுப்பவில்லையே. 2009-இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000, கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் ஆகியவற்றில் ஷோவாவின் பெரிய பிஸ்டன் ஃபோர்க் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. நல்ல ஃபோர்க்தான், அதற்கும் கனமானவர்கள் வேறு ஸ்பிரிங் போட வேண்டியிருந்தது. டாம்பிங் (எண்ணெயின் தடையால் துள்ளலை அடக்குவது) எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஸ்பிரிங் தவறென்றால் எல்லாமே தவறு. வளைவுப்பித்தன் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் துள்ளுகிறதா என்று கவனித்த பிறகு கார்ட்ரிட்ஜைப் பற்றி யோசிக்கட்டும்.

பழையபட்டறை
ஆக, கார்ட்ரிட்ஜ் வேண்டாம் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

சீல்கசிவு
நீங்கள் சொன்னது ப்ரீலோடும் கெட்டி எண்ணெயும். என் வாயில் உங்கள் சொல்லைத் திணிக்காதீர்கள்.

வளைவுப்பித்தன்
உங்கள் இருவருக்காகவும் நேற்று மாலை வண்டியைத் தாங்கியில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி அளந்தேன். சீலுக்கும் பிடிக்கும் இடையே 6 மில்லிமீட்டர்.

சீல்கசிவு
அப்படியானால் உங்களிடம் உண்மையில் மிச்சமிருந்தது 2 மில்லிமீட்டர். ஒரு சிறு குழி வந்திருந்தால் முடிந்தது கதை.

பழையபட்டறை
2 மிச்சமிருந்தது. அடிதட்டவில்லை. முதல் நாளே சொன்னேன்.

எண்ணெய்க்கோப்பை
8-இலிருந்து 2-க்கு இறங்கிவிட்ட பின்பும் அதே வரியா?

பழையபட்டறை
வளைவுப்பித்தன், ஒரே ஒரு கேள்வி. அந்த 8-ஐ டையின் மேல்விளிம்பிலிருந்து அளந்தீர்களா, கீழ்விளிம்பிலிருந்தா? சீல் தள்ளுவது மேல்விளிம்பை. கீழ்விளிம்பிலிருந்து அளந்திருந்தால் டையின் அகலத்தையும் கூட்ட வேண்டும். அதுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரும்.

வளைவுப்பித்தன்
நினைவில்லை. ஃபோர்க்கைக் கழற்றும்போது டையை வெட்டி எறிந்துவிட்டேன்.

பழையபட்டறை
வெட்டி எறிந்துவிட்டீர்கள். நல்லது.

பின்னிருக்கை
டயர் காற்றழுத்தம் இன்னும் யாரும் சொல்லவில்லை.