புதுப்பிப்பு: 1969 வுட்ஸ்டாக் இசை விழா விளம்பரம் வந்த செய்தித்தாள்கள்

போன பதிவில், பழைய தாளைப் பாலியெஸ்டர் உறையில் போட்டால் போதும் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது; அது அமிலமாகிக் கொண்டே போகும். உறைக்குள் அடைபட்டால் அந்த அமிலம் வெளியேற வழியில்லை, தாள் இன்னும் சீக்கிரம் நொறுங்கும். அதனால் பின்னால் கால்சியம் கார்பனேட் சேர்த்த காரத்தாள் (அமிலத்தை முறிக்கும் தாள்) ஒன்றை வையுங்கள், உறையின் இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். பிவிசி பிளாஸ்டிக் உறை, லேமினேஷன், செல்லோடேப் மூன்றும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில வருடங்களில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

எது அரிது என்று கேட்டிருந்தீர்கள். இடத்தின் பெயரைப் பாருங்கள். விழா முதலில் நியூயார்க் மாநிலத்தின் வால்கில் என்ற ஊரில் நடப்பதாக இருந்தது. ஜூலை நடுவில் அங்கே அனுமதி மறுக்கப்பட்டு அதே மாநிலத்தின் பெத்தல் என்ற ஊருக்கு மாறியது. 'வால்கில்' என்று அச்சான விளம்பரம் அதற்கு முந்தையது. என் கணக்கில் அதுதான் தேட வேண்டியது. அப்போது விழாவுக்கு முன்பதிவு நுழைவுக் கட்டணம் ஒரு நாளுக்கு 7 டாலர், மூன்று நாளுக்கு 18.

விளம்பரத்தை மட்டும் வெட்டி விற்பதை வாங்காதீர்கள். முழுப் பக்கம் இருந்தால்தான் மேலே தேதி இருக்கும், பின்பக்கச் செய்தியையும் அதோடு ஒப்பிடலாம். பக்கத்தில் உள்ள படத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள்: அசலில் வரிசையான புள்ளிகள் தெரியும், இன்க்ஜெட் நகலில் சிதறிய பல வண்ணத் தூவல்தான்.