கண்மாய்க் கருவையை ஏலம் விடுவதா, தூரோடு எடுப்பதா?

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், மானாவாரி ஊர். நெல்லும் முண்டு மிளகாயும்தான் எங்கள் பிழைப்பு. கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவை அடைத்துக் கிடக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போது ஊர்க்கூட்டத்தில் கருவையை விறகுக்கு ஏலம் விடலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. நான் எதிர்க்கிறேன். போன தடவை ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே அறுத்து லாரியில் ஏற்றிப் போனார். அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் கொத்துக் கொத்தாகக் கிளைத்து, ஒற்றை மரம் நின்ற இடமெல்லாம் ஆள் நுழைய முடியாத முள்ளுப் புதராகிவிட்டது. என் கட்சி இதுதான்: ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கணும், ஊர் எல்லைக்குள் ஒரு கருவை நிற்கக் கூடாது. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மதுரை மண்:
அண்ணே, நூற்றுக்கு நூறு சரி. இது மரமே இல்லை, விஷம். வேர் 53 மீட்டர் ஆழம் போய் நிலத்தடி நீரைக் குடிக்கும். கீழே தண்ணீர் இல்லையென்றால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். கரியமில வாயுவைத்தான் வெளியே விடும். இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது, பறவைகூட கூடு கட்டாது. 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதே, அந்த வேகத்திலேயே முடித்திருக்க வேண்டும்.

கரிமூட்டம்:
முடித்திருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று யாராவது யோசித்தீர்களா? எங்கள் பக்கம் மழை பொய்த்த வருசங்களில் சனங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கருவைதான். முள் வெட்டும் கூலி, கட்டையைக் கரியாக்க மூட்டம் அடுக்கும் கூலி, கரி அள்ளும் கூலி, லோடு ஏற்றும் கூலி என்று ஒரு மூட்டத்தைச் சுற்றி எத்தனை வீட்டு உலை கொதிக்கிறது தெரியுமா? நெல் கருகினாலும் கருவை கருகாது. உப்பு மண்ணில் வேறு எதை நட்டு இந்த வருமானம் எடுப்பீர்கள்? ஆட்டுக்காரர்களைக் கேளுங்கள், கோடையில் புல் காய்ந்த பிறகு கருவையின் காய்ந்த காயான நெத்து பொறுக்கித்தான் ஆடு உயிரோடு இருக்கிறது. நகரத்தில் இருந்துகொண்டு விஷம் என்று சொல்வது சுலபம், தம்பி.

வன்னி டீச்சர்:
தாவரவியல் கற்பிக்கிறேன். முதலில் மதுரை மண் தம்பி எழுதியதற்கு.

53 மீட்டர் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் கண்டது. அது இதே குடும்பத்து மெஸ்கிட் மரத்தின் வேர். நம் கண்மாய்க் கருவையை யாரும் அவ்வளவு ஆழம் தோண்டி அளந்ததாக அதற்குப் பொருள் இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊரை வறட்சியாக்குகிறது என்பது கட்டுக்கதை. எந்தப் பச்சை மரமும் செய்வதைப் போலப் பகலில் இதுவும் கரியமில வாயுவை உள்ளே எடுத்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. கரிமூட்டம் அண்ணன் விற்கும் கரி முழுவதும் அப்படி உள்ளே போன கரிதானே? மாடு மலடாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இவற்றை மறுப்பதால் நான் கருவைக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பொய்க் குற்றச்சாட்டை அடுக்கினால் உண்மையான குற்றச்சாட்டும் எடுபடாமல் போகிறது. அந்த உண்மைகளே போதுமான அளவு கடுமையானவை.

ஒன்று, இது வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம். மற்ற மரங்கள் இலையுதிர்த்து நீர்ச்செலவைக் குறைக்கும் கோடையிலும் இது இலைவழி நீரை விட்டுக்கொண்டே இருக்கும். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் தண்டுக்குள் நீர் ஓடும் அளவையே அளந்து பார்த்து, ஒரு வட்டாரத்தின் நீர்க் கணக்கை இது எவ்வளவு பாதிக்கிறது என்று ஆய்ந்திருக்கிறார்கள். பிரச்சினை தனி மரம் குடிக்கும் தண்ணீர் அல்ல. இடைவெளியின்றிப் படர்ந்த காடு குடிக்கும் தண்ணீர்தான்.

இரண்டு, அடியில் மற்ற செடிகளை எளிதில் வளரவிடாது. இதில் நமக்கு நெருக்கமான ஓர் ஒப்பீடு உண்டு. நம் வன்னி மரமும் சீமைக்கருவையும் நெருங்கிய உறவு. வட இந்தியாவில் இரண்டின் அடியிலும் என்னென்ன முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். வன்னியின் அடியில் பாதிப்பு மிகக் குறைவு, கருவையின் அடியில் செடி வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. கருவையின் உதிர்ந்த இலை நாட்டுச் செடிகளின் நாற்றுகளைக் கொன்றது. இலை ஊறிய நீர் சில பயிர்களின் வேர் வளர்ச்சியைத் தடுத்தது. வன்னி இலை ஊறிய நீரோ அதே பயிர்களின் வேரை வளர்த்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். இதே சீமைக்கருவை தன் தாய்நாடான வெனிசுவேலாவில் மற்ற செடிகளுக்குத் துணையாகவே நிற்கிறது. அங்கே அதனோடு சேர்ந்து பரிணமித்த செடிகளும் பூச்சிகளும் இருக்கின்றன. இங்கே அவை இல்லை.

மதுரை மண்:
டீச்சர், அப்படியானால் காமராசர் காலத்தில் விமானத்தில் தூவியதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

வன்னி டீச்சர்:
அதற்கும் மிக முந்தியது. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து வன அதிகாரி பெட்டோம் கேட்டுப் பெற்றது. கடப்பா மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட நிலத்தில் விறகுக்கு வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. சுதந்திரத்துக்குப் பின்னும் பல மாநிலங்கள் விரும்பி நட்டன. குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1961 வாக்கில் ரண் என்ற உப்புச் சமவெளி முன்னேறாமல் இருக்க வனத்துறையே நட்டது. இன்று அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது, மாடு மேய்க்கும் மால்தாரிகள் தவிக்கிறார்கள். ஒரு தலைவர் மேல் பழி போட்டு முடிக்கிற கதை இல்லை இது.

பறவைநோக்கி:
திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். பறவை கூடு கட்டாது என்பவர்கள் ஒருமுறை கூந்தன்குளம் வாருங்கள். நாட்டுக்கருவேலத்திலும் சீமைக்கருவையிலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைத்திருப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கூடு கட்டும் பருவத்தில் ஜேசிபியை உள்ளே விட்டால் குஞ்சோடு கூடு சரியும். ‘ஒரு கருவை நிற்கக் கூடாது’ என்று கண்மாய்க்கரை அண்ணன் எழுதியதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2017 ஏப்ரலில் சென்னையில் உயர் நீதிமன்றம் அந்த அகற்றும் வேலைக்கு இடைக்காலத் தடை போட்டதே, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சுற்றுச்சூழல் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்ததால்தான். மாற்று மரம் வளர்ந்து கூடு தாங்கும் வரைக்கும் இருப்பதை விட்டுவைக்க வேண்டும்.

கண்மாய்க்கரை:
தம்பி, பறவை மேல் எனக்கும் பிரியம் உண்டு. எங்கள் கண்மாயில் பறவை வராமல் போனதே தண்ணீர் நிற்காததால்தான். வரத்துக்காலில் முள் அடைத்து, மழைத் தண்ணீர் வழிமாறி ரோட்டில் ஓடுகிறது. உபரி நீர் வழியும் கலுங்கைத் தாண்டித் தண்ணீர் போய்ப் பல வருசம் ஆயிற்று. மாற்று மரம் வளரட்டும் என்கிறீர்கள், கருவை நிற்கிற இடத்தில் மாற்று மரம் எப்படி வளரும்? டீச்சர் மேலே எழுதியதையே படியுங்கள். கரிமூட்டம் அண்ணனுக்கும் ஒரு கேள்வி: உங்களுக்கு விறகு வேண்டும், எங்களுக்குத் தூர் போக வேண்டும். நீங்கள் ஏன் தூரை மட்டும் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

கரிமூட்டம்:
நேராகவே சொல்கிறேன். தூர் தோண்ட ஆள்கூலி தனி. தூரில் மண் ஒட்டியிருக்கும், பிளப்பது பாடு. மூட்டத்தில் நல்ல கரி விழுவது கைப்பருமன் கட்டையில்தான். அதோடு, தூர் இருந்தால் மூன்று நான்கு வருசத்தில் மறுபடி வெட்டு கிடைக்கும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. விவசாயி அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பதைப் போலத்தான் நாங்கள் தூரை விடுகிறோம்.

வன்னி டீச்சர்:
இந்தப் பேச்சு முழுவதும் சுற்றி நிற்பது அண்ணன் சொன்ன இந்த இடத்தில்தான். அதனால் தூருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. மேலே நுனி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் வளர்ச்சி ஹார்மோன் அவற்றை உறங்கவைக்கிறது. தரைமட்டத்தில் அறுத்ததும் அந்தக் கட்டுப்பாடு அறுந்துவிடும். வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்து முழுவதும் மொட்டுகளுக்குத் திரும்பும். ஒன்றுக்குப் பதில் பத்துக் கிளை வருவது இதனால்தான். ஆனால் கருவையின் ஆழ்வேரிலிருந்து பொதுவாகத் தனி முளை வராது. ஆகவே கழுத்துக்குக் கீழே, அதாவது தரைக்குள் சுமார் 30 செ.மீ. ஆழத்தில் வெட்டி எடுத்துவிட்டால் மரம் செத்துப்போகும். 53 மீட்டர் வேரைத் தோண்ட வேண்டியதில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் எட்டும் ஆழம்தான் முக்கியம். ஜேசிபி வந்து கரையையும் மடையையும் சேர்த்துக் கிளறிவிடும் இடங்களில் ஆள் வைத்துத் தோண்டுவதே மேல். சின்னக் கன்றை மழை ஈரத்தில் கையாலேயே பிடுங்கலாம்.

அடுத்தது விதை. தன் மகரந்தத்தால் இது பெரும்பாலும் காய்ப்பதில்லை, தேனீக்கள் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். முளைத்த இரண்டு மூன்று வருசத்தில் பூத்துவிடும். நெத்து தானாக வெடிக்காது. சதையில் சர்க்கரை, உள்ளே கல் போன்ற உறைக்குள் விதை. மாடு சதைக்காகத் தின்னும். வயிற்றில் ஊறி உறை தளர்ந்த விதை சாணத்தோடு விழும், எருவும் ஈரமும் கூடவே கிடைக்கும். ஆடு நன்றாக மென்று பல விதைகளை அழித்துவிடும், ஆனாலும் சில தப்பும். முளைக்காத விதை மண்ணில் பல வருசம் காத்திருக்கும். அதனால் இன்று தூரோடு எடுத்துவிட்டு நாளை கண்மாயைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், விதையிலிருந்து புதிய காடு எழும்பும்.

மதுரை மண்:
இத்தனை பாடு எதற்கு? ஆஸ்திரேலியாவில் ட்ரைக்ளோபைர் என்ற களைக்கொல்லியை டீசலில் கலந்து அடிமரத்தில் பூசிக் கொல்கிறார்களாம். அதையே செய்துவிடலாமே.

வன்னி டீச்சர்:
அங்கே மேய்ச்சல் நிலத்தில் செய்கிறார்கள். நம் கண்மாயில் மாடு தண்ணீர் குடிக்கிறது, பெண்கள் துவைக்கிறார்கள், மீன் பிடிக்கிறோம். டீசலும் களைக்கொல்லியும் கலந்ததை அந்த மண்ணில் ஊற்ற நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பூச்சி விட்டு அடக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் 1987இல் விதை தின்னும் வண்டை விட்டார்கள். நெத்து அவர்களுக்கும் தீவனம் என்பதால், மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் அழிக்கும் பூச்சியாகத் தேடி எடுத்தார்கள். வண்டு முட்டையிடும் முன்பே கால்நடை நெத்தைத் தின்றுவிட்டதால் பலன் குறைவு. இங்கே இன்னொரு பயமும் உண்டு. விருத்தாசலத்தில் வன்னி தலவிருட்சம், ராஜஸ்தானில் அதுதான் மக்களுக்கு உயிர். கருவைக்கென்று விட்ட பூச்சி அதன் உறவான வன்னி மேல் ஏறினால் யார் திருப்பி அழைப்பது?

கரிமூட்டம்:
டீச்சர் நியாயமாகப் பேசுகிறீர்கள். ஆனால் நெத்து தீவனம் என்ற என் வாதத்தை யாரும் அசைக்கவில்லை.

வன்னி டீச்சர்:
அசைக்கிறேன், அண்ணே. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களின் தொடக்கத்தில் விறகுக்காக இதை நட்டார்கள். அங்கே மேய்ச்சல் நிலம் அடைபட்டு ஆடுகளுக்கு நெத்தைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. சர்க்கரையால் ஆட்டுக்குப் பல் விழுந்தது. இல்சாமுஸ் மக்கள் பல் போன ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் அரசாங்கத்தின் மேல் வழக்குப் பேசினார்கள். நெத்து மற்ற தீவனத்தோடு கலந்தால் நல்ல உணவு. அதை மட்டுமே தின்னும் நிலைக்கு ஆட்டைத் தள்ளுவதும் இதே மரம்தான். விதையை அரைத்து மாவாக்கிக் கொடுத்தால் சத்தும் கிடைக்கும், முளைப்பும் நிற்கும். ஆட்டுக்காரர்களுக்கு ஓர் அரைவை இயந்திரம் வாங்கித் தருவது ஊராட்சியால் முடியாத காரியமா?

பறவைநோக்கி:
தமிழ்நாடு அரசு 2022இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது. அதன் பெயரிலேயே வாழிடத்தை மீட்பதும் சேர்ந்திருக்கிறது. வெட்டினால் மட்டும் வேலை முடியாது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கே கூடு இருக்கிறதோ அந்தத் திட்டை மட்டும் கடைசியில் வையுங்கள். அங்கே முதலில் சுற்றிலும் நாட்டுக்கருவேலமும் நீர்மருதும் நட்டு நிலைக்கட்டும்.

கண்மாய்க்கரை:
கூடு உள்ள திட்டைக் கடைசியில் எடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். வரத்துக்கால், மடை, கலுங்கு மூன்றிலும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது, அங்கே இந்தக் கோடைக்குள் தூர் போகணும். கூட்டத்தில் நான் வைக்கப் போவது இது: ஏலம் விடலாம், ஆனால் தூரோடு எடுப்பவருக்குத்தான். முன்பணத்தில் ஒரு பங்கை ஊர் பிடித்து வைக்கும். மழை பெய்து தூர் துளிர்க்கவில்லை என்று பார்த்த பிறகுதான் திருப்பித் தரும். ஏலக்காசில் வருசாவருசம் கன்று பிடுங்க ஆள்கூலிக்கு ஒதுக்கணும்.

கரிமூட்டம்:
தூரோடு என்றால் ஏலத்தொகை பாதிக்கும் கீழே போகும், அதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காசு குறைந்ததற்கு எங்களைத்தான் திட்டுவார்கள். கண்மாய்க்கு நான் சரி என்கிறேன். ஆனால் பட்டா நிலத்து உவர்த் தரிசில் நிற்கும் கருவை மேல் கை வைக்க விடமாட்டோம். அங்கே நெல்லும் இல்லை, நீரும் இல்லை.

கண்மாய்க்கரை:
அந்தத் தரிசிலிருந்துதானே மாடு நெத்து தின்றுவிட்டு எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வருகிறது?

வன்னி டீச்சர்:
அதனால் தரிசில் வைத்திருப்பவர்கள் நெத்து பழுத்து உதிரும் முன் பறித்துவிட வேண்டும், அல்லது காய்ப்புக் காலம் முழுக்க மாட்டைக் கட்டிப் போட வேண்டும். நெத்து தின்ற மாட்டைச் சில நாள் பட்டியில் அடைத்து, சாணம் முழுவதும் அங்கேயே விழுந்த பிறகு கண்மாய்ப் பக்கம் ஓட்டுங்கள். கரிமூட்டம் அண்ணே, உங்கள் பக்கத்து ஆட்கள் இதற்குச் சம்மதிப்பார்களா?

கரிமூட்டம்:
ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வேறு, மூட்டம் போடுபவர்கள் வேறு. நான் அவர்களுக்காக வாக்குக் கொடுக்க முடியாது. கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.